‘வெளியேறு’ என்றது போன்

ஏலவார்குழலிக்கு ஓர் இடத்தில் உட்காரவே வராது. பெயரும் நீளம், காலும் நீளம். பெயரைக் குழலி என்று சுருக்கிவிட்டார்கள். காலை என்ன செய்வது? சாப்பிடும்போதுகூட ஒரு கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை, காலாண்டு விடுமுறை. குழலி மட்டுமல்ல, வீடே நிலைகொள்ளாமல் தவித்தது. அம்மா சுவாதி மடிக்கணினியை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள். வெளியே ஒரகடம் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒவ்வொன்றும் கடக்கும்போது மேசையில் இருந்த தேநீர் டம்ளர் கிடுகிடுத்தது. அம்மா அந்தத் தேநீரைக் குடிக்கவே இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ‘நம்ம வண்டி’. அது அம்மா உருவாக்கிய ஆப். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதில் தங்கள் ஷிப்டைப் பதிந்துவிட்டால் போதும். கம்பெனி பஸ்ஸில் அவர்களுக்கு இடம் உறுதி. பஸ் இப்போது எங்கே வருகிறது என்றும் காட்டும். இதை எழுத அம்மாவுக்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்காகச் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையே விட்டுவிட்டாள்.

அந்தப் பழைய வேலை குழலிக்கு அறவே பிடிக்காது. அம்மா காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். அவள் வருவதற்குள் குழலி தூங்கிப்போயிருப்பாள். அப்பாவுக்கோ மறைமலை நகரில் மாற்றி மாற்றி ஷிப்ட். வீட்டில் அம்மா என்று ஒருத்தி இருப்பதே ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். அந்தக் கம்பெனி அடையாள அட்டை இன்னும் நீல நாடாவோடு சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு எல்லப்பன் வந்தார். பன்னிரண்டு கம்பெனி பஸ்களை வைத்து நடத்துகிறவர் அவர்தான். யார் யார் வருகிறார்கள் என்று எழுதும் நீள நோட்டு ஒன்று எப்போதும் அவர் அக்குளில் இருக்கும்.

“இன்னாம்மா சுவாதி, புதன்கிழம ஆரம்பிக்கசொல்ல தொண்ணூறு பேரு உன் ஆப்ப ஏத்திக்கினாங்க. நேத்து பாத்தா பதினேழு பேருதான் தொட்டுகிறாங்க. இன்னிக்கி நாலே பேரு.”

“எது சரியில்லன்னு சொன்னாங்கன்னா மாத்திடுவேன் சார்” என்றாள் அம்மா.

“எனக்கு இன்னா தெரியும்? ஆப்பு நல்லாத்தான் கீது. ஏன் தொட மாட்டேங்கறாங்கன்னுதான் பிரியல. நாளைக்கு மத்யானம் பன்னண்டு வரைக்கும் பாக்கறேன். அப்பால எனக்கு என் நோட்டே போதும்மா.”

அவர் போனதும் அம்மா ஆணியில் தொங்கிய நீல நாடாவைப் பார்த்தாள்.

“பழைய மேனேஜர் நேத்து பேசினாரு. திங்கக்கிழமையே வந்து சேரலாமாம்” என்றாள் மெதுவாக.

குழலி விரல் விட்டு எண்ணினாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்.

“நீ என்ன சொன்ன?”

“நாளைக்குச் சொல்றேன்னேன்.”

அம்மா மறுபடி தப்பைத் தேட ஆரம்பித்தாள். வரி வரியாகத் தேடினாள். பஸ் படம் சரியாக நகர்ந்தது. பெயர் சரியாகப் பதிந்தது. எதுவுமே கெட்டுப்போகவில்லை. அதுதான் அம்மாவுக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

“அவங்ககிட்டயே கேட்டா என்னம்மா?”

“பத்து கேள்வி எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். ஒருத்தரும் பதில் போடல.”

அதற்கு மேல் குழலியால் உட்கார முடியவில்லை. மதியம் ஒரு மணிக்கு இரண்டாவது ஷிப்ட் பஸ் வரும். நிறுத்தத்தில் ஆட்கள் நிற்பார்கள். அவள் செருப்பைத் தேடினாள்.

“அம்மா, நான் போறேன்.”

“போறேன்னு சொல்லாதடி. எத்தன தடவ சொல்லியிருக்கேன்?” கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மா அதட்டினாள்.

உலகமே தலைகீழானாலும் அம்மா இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். வாசல் தாண்டுகிறவர்கள் ‘போறேன்’ என்று சொல்லவே கூடாது.

“சரி, போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் குழலி ஓடினாள்.

பஸ் நிறுத்தத்தில் இருபது பேர் இருந்தார்கள். ஒருவரும் சும்மா நிற்கவில்லை. ரோட்டுக்குப் போய் எட்டிப் பார்ப்பதும், நிழலுக்குத் திரும்புவதும், கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பஸ் வந்து போய்விட்டதா, இனிமேல்தான் வருமா என்று எவருக்கும் தெரியவில்லை. அவர்கள் எல்லோர் கையிலும் போன் இருந்தது.

ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகும் லீலா அக்காவைக் குழலிக்குத் தெரியும். போன தீபாவளிக்கு அவளுக்குக் கம்பி மத்தாப்பு கொடுத்தவள்.

“அக்கா, ஆப்ல பாத்தா பஸ் எங்க வருதுன்னு தெரியுமே?”

லீலா போனைச் சட்டென்று பைக்குள் போட்டாள்.

“அந்தக் கருமத்த நீயும் தொடாத. அத்தத் தொட்டுத்தான் முப்பிடாதிக்கு வேல போச்சு.”

“வேல போச்சா?”

“ஆமா. போனே சொல்லிக்கிது, வெளிய போன்னு. பாவம், ஊருக்குக் கெளம்பிக்கினு கீறா. எங்க ஹாஸ்டல்ல அத்தினி பேரும் அந்த ஆப்ப எடுத்துட்டோம்.”

குழலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவின் ஆப் யாரையும் வேலையை விட்டுத் தூக்காது. அதற்கு அந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்றால்?

“அவங்க எங்க இருக்காங்க?”

“எங்க ஹாஸ்டல்லதான். ரேஷன் கடைக்குப் பின்னால, பச்ச கேட்டு வூடு. கெளம்பிட்டாளோ இன்னாவோ.”

லீலா சொல்லி முடிப்பதற்குள் குழலி ரேஷன் கடையைத் தாண்டிவிட்டாள்.

பச்சை கேட் வீட்டில், முதல் அறையில், ஓர் அக்கா பையின் மேல் உட்கார்ந்து அதன் ஜிப்பை இழுத்து மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

“முப்பிடாதி அக்காதானே? நான் குழலி. உங்களுக்கு வேல போயிடுச்சுன்னு யாரு சொன்னா?”

“போனுதான் பிள்ள சொல்லிச்சு” என்றாள் முப்பிடாதி. அவள் திருநெல்வேலிப் பக்கம். “புதன்கிழம ஷிப்ட் முடிஞ்சி வந்து, அந்த ஆப்புல எம் பேரப் போட்டேன். ‘சமர்ப்பி’ன்னு வந்துச்சி. சாமிக்குத்தான சமர்ப்பிப்பாவ, இது என்னதுன்னு நெனச்சிக்கிட்டே அமுக்கிட்டேன். அடுத்தாப்ல எம் பேரு வருது, எம் நம்பரு வருது, அதுக்கு நேர் கீழ செவப்பா, பெருசா ‘வெளியேறு’ன்னு வருது.”

அந்தச் சிவப்புப் பொத்தானைக் குழலி நூறு தடவை பார்த்திருக்கிறாள். அம்மா அதன் நிறத்தை அவளிடம் கேட்டுத்தான் வைத்தாள்.

“போன வருசம் வேற கம்பெனில இருந்தேன். அங்கயும் இப்படித்தான், போன்லயே சொல்லிட்டாவ. கேட்டுப் பக்கமே நிக்க விடல. அந்த மானக்கேடு இன்னொரு தடவ எனக்கு வேண்டாம் பிள்ள. அன்னைக்கே போன அணைச்சிப் போட்டேன். நாலு மணிக்குக் கிளாம்பாக்கம் போயி ஊருக்கு பஸ் ஏறணும்.”

உண்மையைச் சொன்னால் இந்த அக்கா திட்டினாலும் திட்டலாம். குழலி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பிறகு சொல்லிவிட்டாள்.

“அக்கா, அது எங்கம்மா எழுதின ஆப். அது உங்கள வெளிய போகச் சொல்லல. வேல முடிஞ்சதும் நீங்க ஆப்ப விட்டு வெளிய வரணும் இல்லியா? அதுக்கான பொத்தான் அது. எங்க வீட்டுப் போன்லயும் அப்படித்தான் வரும்.”

முப்பிடாதி அவளையே பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“போனை ஒரு தடவ போட்டுப் பாருங்க அக்கா. ஒரே ஒரு தடவ.”

முப்பிடாதி போனை உயிர்ப்பித்தாள். டிங், டிங், டிங் என்று அது நிற்காமல் அடித்தது. எல்லாம் அவளுடைய சூப்பர்வைசர் அனுப்பியவை. அவள் போனை நீட்ட, குழலிதான் படித்தாள்.

“‘முப்பிடாதி, நேத்து ஏன் வரல? உடம்பு சரியில்லையா? லைன்ல ஆள் இல்ல. இன்னிக்காவது வந்துடும்மா.’”

“இன்னொரு தடவ படி.”

குழலி படித்தாள். முப்பிடாதி பையின் மேலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

“எம்மா, மணி ஒண்ணு ஆவுதே. பஸ் போயிருக்குமே.”

“இருங்க” என்று குழலி போனில் ‘நம்ம வண்டி’யைத் தொட்டாள். முப்பிடாதி பயந்து இரண்டடி தள்ளி நின்றாள். திரையில் சின்ன மஞ்சள் பஸ் மெல்ல ஊர்ந்தது. “இருங்காட்டுக்கோட்டை சிக்னல்ல நிக்குது. இங்க வர ஒன்பது நிமிஷம். தல பின்னிக்கலாம்.”

முப்பிடாதி தலை பின்னிக்கொண்டாள். யூனிபார்ம் மேல்சட்டையைப் பையின் அடியிலிருந்து உருவினாள். மற்றதெல்லாம் தரையில் கொட்டியது. இருவரும் ஓடி நிறுத்தத்தை அடைந்தபோது, ரோட்டின் திருப்பத்தில் பஸ்ஸின் முகம் தெரிந்தது.

லீலா வாயைப் பிளந்தாள். “உனுக்கு வேல போவல?”

“போவல. சும்மா இருந்த வேலய நானே போச்சின்னு சொல்லி அழுதுருக்கேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். லீலா மட்டும் குழலி பக்கம் திரும்பினாள். “அப்ப எதுக்கு அது ‘வெளியேறு’ன்னு நம்மள வெரட்டுது?”

அதற்குள் பஸ் வந்து நின்றது, எல்லோரும் ஏறினார்கள். பஸ் நகர்ந்தது. ஜன்னலில் முப்பிடாதி கையசைத்தாள்.

“போயிட்டு வாரேன் பிள்ள.”

குழலி அப்படியே நின்றுவிட்டாள். அவள் நின்றது ஒரு நொடிதான். அடுத்த நொடி வீட்டைப் பார்த்து ஓடினாள்.

“அம்மா, ‘வெளியேறு’ன்னு எழுதினது யாரு?”

“நான்தான். ஏன், நல்ல தமிழ்தானே? எல்லாமே தமிழ்ல இருக்கணும்னு தேடித் தேடிப் போட்டேன்.”

மூச்சு வாங்க வாங்கக் குழலி எல்லாவற்றையும் சொன்னாள். பையை, வீங்கிய கண்களை, ஹாஸ்டலில் எல்லோரும் ஆப்பை எடுத்துவிட்டதை. அம்மாவின் முகம் வாடிப்போனது.

“ஒரு பொண்ண ஊருக்கே கெளப்பியிருக்கேனே” என்றாள். “தப்பு வரியில இருக்குன்னு தேடிட்டிருந்தேன். வார்த்தையில இருந்திருக்கு. பேசாம லாக் அவுட்னே போட்டுடவா?”

“வேணாம். நீ என்னை மட்டும் ‘போறேன்’னுகூட சொல்ல விட மாட்டே. அவங்கள ‘வெளியேறு’ங்கறே. எனக்குச் சொல்லித் தர்றதையே அவங்களுக்கும் போடேன்.”

அம்மா நிமிர்ந்தாள். சிவப்புப் பொத்தான் இருந்த வரியைத் தேடி, ‘வெளியேறு’ என்பதை அழித்தாள். அந்த இடத்தில் ‘போயிட்டு வரேன்’ என்று எழுதினாள். நிறத்தையும் பச்சையாக மாற்றினாள். ‘சமர்ப்பி’ போய், ‘சீட் போட்டு வை’ வந்தது.

“யாராவது போயிட்டு வரேன்னா பதில் சொல்ல வேணாமா?” என்றாள் குழலி.

அதையும் அம்மா எழுதினாள். ஒரு வருடம் எழுதிய ஆப்பில் இந்த மாற்றத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று மணிக்கு முதல் ஷிப்ட் பஸ் திரும்பியது. அம்மா முதல் தடவையாக அந்த நிறுத்தத்துக்கு வந்து நின்றாள். அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பு, ஒரு காலில் அப்பாவின் செருப்பு. இறங்கியவர்களிடம் போனைக் காட்டி நடந்ததைச் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். மதியம் போன பஸ்ஸுக்குள் லீலாவும் முப்பிடாதியும் ஒரகடம் வரை இதே கதையைத்தான் சொல்லிக்கொண்டு போனார்களாம்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அம்மா உட்காரவில்லை, குழலியும் உட்காரவில்லை. சின்ன வீட்டில் இருவரும் நடந்ததில் மூன்று தடவை முட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லப்பன் வந்தார்.

“இன்னாம்மா பண்ண? நூத்தி முப்பது பேரு சீட்டு போட்டு வெச்சிகிறாங்க. காலைல பஸ் ஒரு இடத்துலகூட சும்மா நிக்கல.” நாற்காலியில் நோட்டை வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தார். “பன்னண்டு பஸ்ஸுக்கும் இதான். முடிவு பண்ட்டேன். சரி, இத்த எப்டி மூடறது?”

குழலி பச்சைப் பொத்தானைக் காட்டினாள். அவர் ‘போயிட்டு வரேன்’ என்பதைத் தொட்டார். திரையில் எழுத்து வந்தது: ‘பாத்துப் போயிட்டு வாங்க.’

“சரிம்மா” என்றார் எல்லப்பன், போனைப் பார்த்து.

அவர் போன பிறகுதான் தெரிந்தது, நீள நோட்டை நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. குழலி சைக்கிளை வெளியே எடுத்தபோது, அம்மா ஆணியிலிருந்து நீல நாடாவைக் கழற்றுவது தெரிந்தது. குழலிக்குத் திக்கென்றது. அம்மா அடையாள அட்டையை உருவி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். நாடாவைக் கொண்டுவந்து, எந்நேரமும் லொடலொடவென்று ஆடும் சைக்கிள் கூடையை இறுக்கிக் கட்டினாள்.

“போயிட்டு வரேன்மா.”

“பாத்துப் போயிட்டு வா” என்றாள் அம்மா. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, வீட்டு வாசலில் நின்றுகொண்டு.