ஏகமனதாக ஒரு கடத்தல்!

செல்போன் அலறியது!

ஹோட்டல் மண்டபத்துக்குள் செப்புச் சுரங்கக் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம். வெளியே, கைகழுவும் இடத்தில் டெய்லரம்மா. சிறு பங்குதாரர்களின் தலைவி. தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

"ஹலோ... யாரு?"

"யாருங்கறது முக்கியமில்ல. உன் வீட்டுக்காரன் எங்ககிட்ட இருக்கான்!"

"என்னது...!"

"தலைவரை நீக்கணும்னு தீர்மானம் குடுத்திருக்கியாமே? மேடை ஏறி வாபஸ் வாங்கு. இல்லேன்னா ஆளை முழுசா பார்க்க மாட்டே!"

"பொய்! அவர் வீட்ல தூங்கிக்கிட்டு இருப்பாரு."

"தூங்கிக்கிட்டுதான் இருந்தான். அப்படியே தூக்கிட்டு வந்துட்டோம்."

நம்பும்படியாக இருந்தது.

அடுத்து கேட்டது... அவர் குரலேதான்!

"சொன்னதைச் செஞ்சுடும்மா... கத்தியெல்லாம் வச்சிருக்காங்க!"

கட்.

நாத்தனார் ஓடி வந்தாள். கணவனின் தங்கை. உத்தியோகம், போலீஸ் இன்ஸ்பெக்டர். இன்று லீவு போட்டுவிட்டு வெறும் பங்குதாரர்.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"உங்கண்ணனைக் கடத்திட்டாங்கடி!"

"எங்கண்ணனையா...! அவனை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாங்களாம்?"

"விளையாடாதே! தீர்மானத்தை வாபஸ் வாங்கணுமாம்."

நாத்தனாரின் சிரிப்பு செத்தது.

"வாங்கிடாதீங்க அண்ணி! நான் தேடிப் பிடிக்கறேன். சுரங்கம் முழுக்க தண்ணி நிக்குது. ஒரு பிடி செம்பு வரல. ஆனா தலைவருக்குச் சிலை செய்ய வெளியில போய் செம்பு வாங்கறாங்க!"

"தெரியும்டி. என் சேமிப்பு பூரா அந்தத் தண்ணிக்குள்ளதான் கிடக்குது. ஆனா தலைவரை இன்னொரு நாள் மாத்திக்கலாம். புருஷனை மாத்த முடியுமா? இவரைப் பழக்கறதுக்கே பாதி ஆயுசு போயிடுச்சு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேடையில் தலைவர். அவருக்குப் பின்னால் அவரே... ராட்சத போட்டோவில், தலையில் ஹெல்மெட்டோடு, சுரங்கத்தையே முறைத்தபடி! ஹெல்மெட்டில் விலைச் சீட்டு கூடக் கிழிக்கப்படவில்லை.

செகரட்டரி அவர் காதோரம் குனிந்தான்.

"ஐயா, முடிஞ்சது. அந்தம்மா வாபஸ் வாங்கிடுவாங்க."

"நம்ம ஆளுங்க?"

"முக்கால் மண்டபம் நம்மாளுங்கதான்யா. கூலிக்குப் பிடிச்சு, தலைக்கு ஒரு பங்கு எழுதி வச்சிருக்கோம். இங்க கையைத்தானே எண்ணறோம், பங்கையா எண்ணறோம்?"

"இந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டியா?"

"எதுக்குங்கய்யா? வாபஸ் ஆகப்போற தீர்மானத்துக்கு ஓட்டு ஏது!"

"அதுவும் சரிதான்."

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். கூட்டங்களில் அவர் ஆழ்ந்து சிந்திப்பது அப்படித்தான். சில சமயம் குறட்டையோடு சிந்திப்பார்.

கீழே கூலிப் பங்குதாரர்கள் நெளிந்தார்கள். வருஷா வருஷம் அவர்கள் பழகியது ஒன்றே ஒன்றுதான். யாராவது தீர்மானம் வாசிப்பார்கள். சத்தம் நிற்கும். கையைத் தூக்க வேண்டும். பிறகு சாப்பாடு!

"பசி உயிர் போகுதுப்பா. இன்னும் எத்தனை?"

"இதான் கடைசியாம். கையைத் தூக்கிட்டு ஓடு. லேட்டானா பாத்திரம்தான் மிஞ்சும்."

டெய்லரம்மா மைக்கைப் பிடித்தாள்.

"நேரா வாபஸ்னு சொல்லிடட்டுமா?"

செகரட்டரி பதறினான்.

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா! முதல்ல வாசிங்க. அப்புறம் வாபஸ். நாளைக்கு யாரும் நம்ம மேல கேஸ் போடக் கூடாது பாருங்க!"

வாசித்தாள்.

"தற்போதைய தலைவரை உடனே நீக்கி, சிறு பங்குதாரர்கள் சார்பில் என்னைத் தலைவராக நியமிக்கத் தீர்மானிக்கப்படுகிறது..."

கண்ணுக்குள் கணவன்... கழுத்தருகே கத்தி...!

'வாபஸ்' என்ற வார்த்தை வெளியே வரவில்லை.

சத்தம் நின்றது.

சரக்!

முன்வரிசை கை தூக்கியது. நடுவரிசை. பின்வரிசை. பசியில் சிலர் இரண்டு கைகளையும்!

சலசலப்பில் தலைவர் விழித்தார். கைகளைப் பார்த்தார். பல வருஷம் பழகிய வாய், மூளையைக் கேட்காமலே திறந்தது.

"தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது! அனைவருக்கும் என் நன்றி!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"ஐயா..." செகரட்டரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உங்களைத் தூக்கிட்டாங்கய்யா!"

"எவன்டா அது?"

"நீங்கதான்யா!"

டெய்லரம்மா அலறினாள்.

"ஐயோ, செல்லாது! நான் வாபஸ் வாங்கத்தான் வந்தேன்!"

"ஆமா, வாபஸ்! வாபஸ்!" தலைவரும் அலறினார்.

கம்பெனி வரலாற்றிலேயே இருவரும் ஒத்துப்போனது அப்போதுதான்.

நாத்தனார் மேடையேறினாள்.

"தலைவர் அறிவிச்சா அதுதான் முடிவு. நீங்க போட்ட விதிதானே சார்?"

டெய்லரம்மா மிரட்டல் வந்த நம்பருக்கே போன் போட்டாள்.

"கடவுளே... அவரை ஒண்ணும் செஞ்சுடக் கூடாது...!"

மணி அடித்தது... மேடைக்குப் பக்கத்து அறையில்!

கதவு திறந்தது.

போனோடு ஒரு தடியன். அவனுக்கு முன்னால், புத்தம்புது கோட்டு, டையோடு... அவள் கணவன்! முகமெல்லாம் பல்.

"கைதட்டல் கேட்டுச்சு, வந்துட்டேன்! என்னை டைரக்டரா ஏத்துக்கிட்ட எல்லாருக்கும்..."

மனைவியைப் பார்த்தார். பல் மறைந்தது.

"கத்தி வச்சிருக்காங்கன்னீங்களே?" என்றாள் டெய்லரம்மா, மெல்ல.

"அது... நீ வாபஸ் வாங்கினா எனக்கு டைரக்டர் பதவின்னு... தலைவர்தான்மா..."

"யோவ், வாயை மூடுய்யா!" என்றார் தலைவர். மைக் இன்னும் ஆனில் இருந்தது.

நாத்தனார் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தாள்.

"லீவு கேன்சல். தலைவர், செகரட்டரி, தடியன்... எல்லாரும் நடங்க. நீயும்தாண்ணா."

"கூடப்பிறந்தவனையேவா?"

"அண்ணிகூட வீட்டுக்குப் போறியா?"

அவர் அவசரமாகத் தங்கையின் பக்கம் நகர்ந்தார்.

டெய்லரம்மா அவர் கோட்டின் தோளைப் பிடித்துப் பார்த்தாள்.

"ரெடிமேடா?"

"ஆமாம்மா... கொஞ்சம் லூசு. பிடிச்சுத் தர்றியா?"

"வேண்டாங்க. ஜெயில்ல குடுக்கற சட்டை எப்படியும் எல்லாருக்கும் ஒரே அளவுதான்!"