பாசிமணி வள்ளம்

கடற்கரைத் தெரு வீட்டைக் காலி செய்துவிட்டு முத்தையாபுரத்துக்குக் குடிபோவது என்று முடிவானதும், பெர்சியின் அப்பா மனுவேல் முதலில் கழற்றியது மின்விசிறியை அல்ல. வடக்குச் சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோவைத்தான்.

அந்தப் போட்டோவில் ஒரு மர வள்ளம் பாயை விரித்துக்கொண்டு கடலுக்குப் போகும். அதன் பின்பக்கத்தில் அப்பா நின்று வலது கையைத் தூக்கி ஆட்டுவார். ஆட்டுவார் என்று சொல்லலாமே தவிர, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால்தான் ஆள் தெரியும். போட்டோ எடுத்துப் பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது. உப்புக்காற்று கண்ணாடிக்குள்ளும் புகுந்து முதலில் கடலைத் தின்றது, பிறகு வானத்தைத் தின்றது. இப்போது அப்பாவின் தலைமுடி வரைக்கும் வந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு வருசம் போனா நான் எங்கன நிக்கேன்னே தெரியாது" என்று அப்பா சிரித்தார்.

பெர்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வள்ளமே இப்போது இல்லை. அப்பாவுக்கு முதுகுவலி வந்த பிறகு அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதைப் பலகை பலகையாகப் பிரித்துவிட்டார். அப்பா துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். புது வீட்டு வாசலில் நின்றால் கடலும் தெரியாது. மிச்சம் இருப்பது இந்த ஒரு போட்டோதான். அதுவும் அழிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் கூட்டியபோது தூசிக்குள்ளிருந்து ஒரு நீலப் பாசிமணி உருண்டு வந்தது. பெர்சியின் அம்மா ஞானசௌந்தரி கல்யாணப் பெண்களின் ரவிக்கைகளுக்குப் பாசி தைத்து ஆரி வேலை செய்பவர். அந்த வீட்டில் தலையணையை உதறினாலும் பாசி விழும். பெர்சி அதைப் பாவாடையில் துடைத்தாள். எத்தனை வருஷமாகக் கிடந்ததோ, நிறம் கொஞ்சமும் மங்கவில்லை.

பெர்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துடைப்பத்தைப் போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினாள்.

"அம்மா, பாசி வெளுக்குமா?"

"நல்ல பாசின்னா வெளுக்காது. ஏன்?"

"அப்போ அந்தப் போட்டோவைப் பாசியில கோத்துட்டா?"

அம்மா கரண்டியும் கையுமாக அவளைப் பார்த்தார். "ஏளா, எனக்கு இந்த மாசம் ஏழு ரவிக்கை கெடக்கு. தலைக்கு மேல வேலை."

"நானே செய்யுதேன். பாசி மட்டும் தாங்க. அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது."

ஆறாம் வகுப்புதான் படிக்கிறாள் என்றாலும் பெர்சிக்கு ஊசி புதிதில்லை. இரண்டு வருஷமாக அம்மாவுக்கு ரவிக்கைக் கைகளில் படம் பதித்துக் கொடுப்பது அவள்தான். படத்தை மெல்லிய தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளை துளையாகக் குத்த வேண்டும். அந்தத் தாளைத் துணியின் மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் படம் துணியில் புள்ளி புள்ளியாக இறங்கிவிடும்.

மறுநாள் பள்ளி விட்டதும் போட்டோவை எடுத்துக்கொண்டு வேதமணி அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அவர் அதைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு, "கோடு மட்டுந்தான் விழுதும்மா, நெறம் விழல. இல்லாததை மிஷினு எங்கருந்து கொண்டாரும்?" என்றார்.

அதுதான் கஷ்டமாகிப் போனது. கோடு கிடைத்துவிட்டது, நிறம் கிடைக்கவில்லை. போட்டோவில் கடலும் வெள்ளை, வானமும் வெள்ளை, பாயும் வெள்ளை.

நிறத்தை அந்த வள்ளத்தில் போனவரிடம்தான் கேட்க வேண்டும். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெர்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தப் போட்டோ எடுத்த அன்னைக்குக் கடல் என்ன நெறத்துல இருந்துச்சு?"

"இது என்ன கேள்வி? கடல் கடல் நெறத்துலதான் இருந்துச்சு."

"சொல்லுங்கப்பா."

அப்பா சோற்றில் கையை வைத்தபடி யோசித்தார். "கரையோரம் பச்சையா கெடக்கும். கொஞ்சம் தள்ளி நீலம். அதுக்கும் அங்கன போயிட்டா மை மாதிரி கறுப்பு. வள்ளத்துக்கு அந்த வருசம்தான் மஞ்சப் பெயிண்டு அடிச்சிருந்தோம். பாயி காவி நெறம். அதுல ஒரு செவப்பு ஒட்டு."

"ஒட்டா?"

"கல்லுல உரசிப் பாயி கிழிஞ்சுபோச்சு. கைக்கு வேற துணி அம்புடல. உங்கம்மா சேலையை வெட்டித் தச்சேன். மூணு நாளு அவ எங்கிட்டப் பேசல!"

அடுக்களையிலிருந்து அம்மா, "நாலு நாளு!" என்றார்.

அப்பா சிரித்தார். அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்துவிட்டார். காற்று விழுந்து நடுக்கடலில் நின்றது, சுறா முட்டியது, விடியும்போது தூரத்தில் கோயில் கோபுரம் புள்ளியாகத் தெரிவது என்று ஒவ்வொன்றாக வந்தது. குழம்பு ஆறிப்போனது. வள்ளத்தை விற்ற பிறகு அப்பா இவ்வளவு பேசி பெர்சி கேட்டதில்லை.

படத்தைத் துணியில் பதித்தாள். அன்றிலிருந்து அப்பா வேலைக்குப் போன நேரமெல்லாம் அம்மாவின் தையல் சட்டத்தின் முன்னால்தான் இருந்தாள். பச்சைப் பாசி மூன்று வரிசை, நீலம் பதினாறு வரிசை, அதற்கப்பால் கறுநீலம். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திச் சிவந்துபோனது. தம்பி அனிஷ் மூக்கு பாசியில் முட்டும்படி குனிந்து பார்த்தான். இரண்டாம் வகுப்பு படிக்கும் அவனுக்கு எல்லாவற்றையும் பற்றி ஒரு கருத்து உண்டு.

"இது வள்ளமே இல்ல. வெறும் பாசி."

"தள்ளிப் போய்ப் பாரு."

அவன் வாசல்வரை பின்னால் நடந்துபோய்த் திரும்பினான். "ஏ! வள்ளம்!" என்று கத்தினான். அதற்குப் பிறகு தினமும் இரண்டு முறையாவது வாசலுக்குப் போய்ப் பார்த்தான்.

சனிக்கிழமை சாமான்களெல்லாம் முத்தையாபுரம் வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் புது வீட்டை ஜெபம் சொல்லி மந்திரிக்கச் சாமியார் வருவார். அதற்குள் படம் சுவரில் இருக்க வேண்டும், அப்பா பார்க்க வேண்டும் என்பது பெர்சியின் ஆசை. அப்பா ஆறு மணிக்குத்தான் வேலை முடிந்து வருவார். ஐந்து மணிக்குக் கடைசிப் பாசியைத் தைத்து முடிச்சுப் போட்டாள். படத்தைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வடக்குச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

அனிஷ் பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். படத்தைப் பார்த்தான், போட்டோவைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"அக்கா, அப்பா ஏன் பீச்சாங்கையை ஆட்டுதாரு?"

"போலே, சும்மா."

"நெசமா! போட்டோல சோத்துக்கை. இங்க பீச்சாங்கை. வள்ளமும் இந்தப் பக்கம் போகுது!"

பெர்சி போட்டோவைப் பிடுங்கிப் பார்த்தாள். போட்டோவில் வள்ளத்தின் முன்பக்கம் வலது பக்கம் நீண்டிருந்தது. பாசியில் அது இடது பக்கம் நீண்டிருந்தது.

எப்படி நடந்தது என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ரவிக்கையில் வலது கைக்குத் தாளை நேராக வைக்க வேண்டும். இடது கைக்கு அதே தாளைத் திருப்பிப் போட வேண்டும், அப்போதுதான் இரண்டு கையிலும் மயில் ஒன்றையொன்று பார்க்கும். இரண்டு வருஷப் பழக்கம். போன மாதம் வள்ளத்தைப் பதிக்கும் முன்புதான் ஒரு ரவிக்கையின் வலது கையைப் பதித்து முடித்திருந்தாள். அடுத்த தாளைக் கை தானாகவே திருப்பிப் போட்டுவிட்டது. மயிலைத் திருப்புவதுபோல அப்பாவையும் திருப்பிவிட்டாள்!

"மாதாவே!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரித்துத் தைக்க இன்னொரு மாதம் வேண்டும்.

"அக்கா, எதிர்ல ஒரு கண்ணாடி மாட்டிருவோம். கண்ணாடில பாத்தா சரியா இருக்கும்" என்றான் அனிஷ்.

அழுகையோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். அப்பா எப்போதும் சொல்வார்: வள்ளத்தின் மூக்கு கடலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் அந்தப் போட்டோ வடக்குச் சுவரில் இருந்தது. வடக்கே பார்த்து நின்றால் வலது பக்கம் கிழக்கு, கிழக்கே கடல். இப்போது இந்த வள்ளம் இடது பக்கம், மேற்கே போகிறது. விட்டால் திருநெல்வேலி ஜங்ஷனில் போய்த்தான் நிற்கும்.

பெர்சி மெதுவாகத் திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தாள். தெற்குச் சுவர். அதைப் பார்த்து நின்றால் இடது கை எந்தப் பக்கம்?

"அனிஷ், கடல் எந்தப் பக்கம்ல?"

அவன் ஜன்னலைக் காட்டினான். பெர்சியின் இடது கைப் பக்கம்!

துள்ளி எழுந்து தெற்குச் சுவரில் ஆணியடித்தாள். படத்தை மாற்றி மாட்டினாள். வள்ளம் கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. ஒரு பாசியைக்கூடப் பிரிக்கவில்லை.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். செருப்பை ஒரு காலில் மட்டும் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். கிட்டே வந்து அந்தச் சிவப்பு ஒட்டின் மேல் விரலை வைத்தார். நான்கே பாசி அகலம்தான் அது.

"இதையுமா?" என்றார். "ஏளா, இதையுமா தச்ச?"

"அப்பா, கை மட்டும் மாறிப்போச்சு..."

"கை கெடக்கட்டும். அதே வள்ளம்ளா. அப்படியே அதே வள்ளம்." அப்பா அழுதார். அதை அவர் மறைக்கவும் இல்லை.

அம்மா அடுக்களையிலிருந்து வந்தார். படத்தை முழுதாக இப்போதுதான் பார்க்கிறார். வெகுநேரம் பார்த்தார். ஆனால் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, பிடிக்கலியா?"

"பிடிக்காம என்ன, நல்லா இருக்கு" என்று அம்மா திரும்பிக்கொண்டார்.

பெர்சி விடவில்லை. அம்மாவின் பின்னாலேயே அடுக்களைக்குப் போனாள். "எது நல்லா இல்லைன்னு சொல்லுங்கம்மா."

அம்மா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னார். "உங்கப்பாவுக்கு அது கடலுக்குப் போற சந்தோசம். எனக்கு அப்படியா? இத்தனை வருசமா அந்தப் போட்டோவைப் பாக்கையிலெல்லாம், போறாரே, நல்லபடியா வரணுமேன்னுதான் இருக்கும். காத்தடிச்சா கரையில போய் நிப்பேன். தூரத்துல அந்தச் செவப்பு ஒட்டு தெரியும் பாரு, அப்பத்தான் எனக்கு உசுரே வரும். அதை யாரும் போட்டோ எடுக்கல."

பெர்சி கூடத்துக்குப் போய் முக்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றினாள். அதை எடுத்துக்கொண்டு வடக்குச் சுவருக்கு நடந்தாள்.

"ஏளா, அங்கன மாட்டினா வள்ளம் கரையைல்ல பாக்கும்!" என்றார் அப்பா.

"ஆமாப்பா. வீட்டுக்கு வருது."

அப்பா அடுக்களைப் பக்கம் பார்த்தார். அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அப்பா வந்து, பெர்சி ஏறுவதற்கு முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

இந்த முறை அம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தார். "கையைத் தூக்கிட்டு நிக்கதைப் பாரேன். வந்துட்டேன்னு சொல்லுதாரு" என்றார்.

எல்லாருக்கும் திருப்தி, அனிஷைத் தவிர. அவன் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"கடலுக்குப் போயிட்டு வார வள்ளம்னா மீனு எங்க?"

அப்பா பெர்சியைப் பார்த்தார். பெர்சி அம்மாவைப் பார்த்தாள். அம்மா போய்த் தன் ரவிக்கைப் பெட்டியிலிருந்து நல்ல வெள்ளிப் பாசியாக ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். அன்று சாப்பாட்டுக்கு முன்னால் வள்ளம் நிறைய மீன் ஏறிவிட்டது.