விரலில்லாத கிளிப்

மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே போகும் மண் ரோட்டில், உச்சி வெயிலில் சேட்டு வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். சேட்டு உப்பள முதலாளி. நிமோனியா. ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று அந்தப் புண்ணியவான் அடம்பிடித்ததால், எங்கள் ஆஸ்பத்திரியே அவர் படுக்கையறைக்கு வந்துவிட்டது. டிரிப்ஸ், ஆக்சிஜன் மெஷின், விரலில் ஒரு கிளிப். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கிளிப் அளந்து, புதுச்சேரியில் டாக்டர் பரத்தின் திரைக்கு அனுப்பும்.

போன வருடம் இதே கட்டிலில் அவர் மனைவி பாக்கியலட்சுமியையும் நான்தான் கவனித்தேன். தங்கமான மனுஷி; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் இல்லாத நேரத்தில் மூச்சடைத்துப் போய்விட்டார். கடைசிவரை திரையில் தொண்ணூற்றெட்டு, நல்லா மூச்சு விடுகிறவர்களுக்கான அளவுதான் இருந்ததாம். மெஷின் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

உள்ளே ஈர உப்பின் வாடை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வீட்டில் வேறு யாருமில்லை. சேட்டின் உதடு நீலம் பாரித்திருந்தது. விலா எலும்பு தெரிய மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

கிளிப் தொண்ணூற்றெட்டு காட்டியது.

போனைப் போட்டேன். "டாக்டர், உடனே ஆம்புலன்ஸ் அனுப்புங்க. இவரால மூச்சே விட முடியல."

"ஸ்க்ரீன்ல நார்மலா இருக்குதே ஆஸிஃபா சிஸ்டர். பயத்துல படபடக்குறாரு."

"ஸ்க்ரீன விடுங்க டாக்டர், நான் ஆளப் பாக்குறேன்!"

"சரி, அனுப்புறேன்" என்றார், வேண்டாவெறுப்பாக.

கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

அது மூடவில்லை. ஒரு விரல் தடிமனுக்கு வாய் திறந்தே இருந்தது.

தொண்ணூற்றெட்டு.

சேட்டு என் கையைப் பிடித்தார். "அவதாம்மா, என் பொண்டாட்டி... அன்னைக்கு அவளுக்கு மூச்சு முட்டுச்சு. கிளிப்ப கழட்டி என் விரல்ல மாட்டிக்கினேன். நீங்க ஓடி வந்துடக் கூடாதுன்னு."

"ஏன்?"

"உப்பளம் அவ பேருல..."

அந்தக் கையை உதறிவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்சிஜனைக் கூட்டினேன். மூக்குக் குழாய் தானாக நழுவியது. மாட்டினேன். மறுபடி நழுவியது. அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

என் விரல்களை யாரோ ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

ஜில்லென்ற கை.

"அக்கா, வேணாங்க்கா..." என்று கெஞ்சினேன்.

சேட்டின் மூச்சு நின்றுபோனது.

போன் அடித்தது. "பாத்தீங்களா சிஸ்டர், தொண்ணூத்தெட்டுலயே நிக்குது. ஆம்புலன்ஸ திருப்பிடவா?"

கட்டிலின் கால்மாட்டில் யாரோ நீளமாக, நிம்மதியாக மூச்சை இழுத்து விட்டார்கள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.