வெள்ளாற்றுக் கல்

பெருக்கி விளக்குமாற்றை மூலையில் சாத்தவில்லை, அதற்குள் முற்றத்தில் மறுபடி மணல். வெள்ளை மணல். அதுவும் ஈரமாக. யோகலட்சுமிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மழையைக் கண்டு நாலு மாசமாச்சு, நெற்குப்பை ஊர் முழுக்கப் புழுதி பறக்கிறது, இந்த வீட்டுக்குள் மட்டும் எங்கிருந்து வந்து தொலைகிறதாம் ஈரம்?

முற்றத்து நடுவில் நேற்று நட்ட கல் நின்றது. ஒரு பக்கம் மீன், மறுபக்கம் புலி. அந்தக் காலத்தில் பாண்டிய நாட்டையும் சோழ நாட்டையும் பிரித்த வெள்ளாற்றில் பாதி புதைந்து கிடந்ததை, வீட்டில் வாடகைக்கு வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் படமெடுக்கட்டும் என்று பெயர்த்து வந்திருந்தாள்.

"ரெண்டு கரைக்காரவுகளும் அடிச்சுக்கிட்டுச் செத்த எடம். வேண்டாம் ஆச்சி, விட்டுருங்க" என்று டிரைவர் மாயக்கண்ணன் நேற்றே கெஞ்சினான்.

"பேசாம வண்டிய எடு" என்று அதட்டிவிட்டாள்.

இன்று வெயில் சாயும் நேரம் அவனே போனில் கூப்பிட்டான். "ஆச்சி, பாலத்து மேல நிக்கிறேன். கீழ ஆத்தையே காணோம். ஒரு பிடி மணலு இல்ல. அந்தக் கல்ல எங்க நட்டீங்க?"

யோகலட்சுமி திரும்பிப் பார்த்தாள். எதிர்த் தாழ்வாரத்தில், புலி பார்க்கும் பக்கம், ஏழு வயது மகள் சுபா படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"சுபா! இங்குட்டு ஓடி வாம்மா!"

பிள்ளை நிமிரவில்லை. அழுகிய பாசி நாற்றம் குப்பென்று வீட்டை அடைத்தது. தரைக்கடியில் சரசரவென்று எதுவோ இழுபட்டு ஓடும் சத்தம். யோகலட்சுமி முற்றத்தில் குதித்தாள். கணுக்கால் வரை புதைந்தது. பத்தே அடி தூரம். முப்பது அடி எடுத்து வைத்தாள். நாற்பது. தூண்கள் தள்ளிப் போயின. முழங்கால் வரை தண்ணீர்.

அக்கரையில் சுபா எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆட்கள். வரிசையாக. சொட்டச் சொட்ட.

"சுபா! நான்தான்டி! அம்மாடி!"

சுபா பார்த்தாள். பகையாளியைப் பார்க்கிற பார்வை. கையை ஓங்கினாள்.

கல் நெற்றியில் பட்டது. கண்ணில் ரத்தம் வழிந்தது. பிள்ளை அடுத்த கல்லுக்குக் குனிந்தாள்.

யோகலட்சுமியின் பின்கழுத்தில் மூச்சு. ஒரு ஈரக் கை அவள் உள்ளங்கையில் கூழாங்கல் ஒன்றை வைத்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது.

மாட்டேன், மாட்டேன் என்று அவள் கதறக் கதற, அவள் கை மேலே எழுந்தது.