ரயில் இல்லாத காற்று

சுரங்க நிலையத்தில் ரயிலுக்கு முன்னால் காற்றுதான் வரும். சூடாக, இரும்புத்தூள் வாசனையோடு, நடைமேடைக் குப்பைகளைத் தள்ளிக்கொண்டு. தண்டவாளப் பழுதுக்காக ரயில்களையெல்லாம் நிறுத்தியிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமும் காற்று வந்தது. ஆனால் குளிர்ந்து, நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடியோடு வந்து, நிலையப் பொறுப்பாளர் அறையின் கதவை மெல்லத் தள்ளிவிட்டு நின்றது.

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். மேலே குடியிருப்பில் யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எதிரே வில்லைப் பலகை. சுரங்கத்துக்குள் வேலைக்கு இறங்குகிறவர்கள் தங்கள் பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கடைசி வில்லையும் கழன்ற பிறகுதான் தண்டவாளத்துக்கு மின்சாரம் விடச் சொல்லி அவள் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசுவாள்.

எல்லோரும் மொட்டை என்று கூப்பிடும் வெல்டர் வந்து தன் வில்லையைக் கழற்றினான்.

"உங்க வீட்டுக்காரரு தண்டவாளத்தோடவே குடித்தனம் பண்றாருக்கா. கூப்பிட்டா அசைய மாட்டேங்கிறாரு."

"வீட்டுலயும் அதே கதைதான்."

சிரித்துக்கொண்டே அவன் படியேறிப் போனான். அவள் கணவனின் வில்லை மட்டும் தொங்கியது. வேலை முடிந்தால் அவர் இந்தப் பக்கம் திரும்பி நடப்பதில்லை. அடுத்த நிலையத்தில் மேலேறினால் வீடு பக்கம். அங்கிருந்து போனில் சொல்வார்; வில்லையை அவளே கழற்றிவிடுவாள். விதிப்படி தப்பு. ஆனால் கட்டிய புருஷனின் குரலுக்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

போன் அடித்தது.

"நான் மேல வந்துட்டேன். வில்லையை எடுத்துடு."

கழற்றினாள். கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னாள்.

"சரிக்கா. சோதிச்சுப் பாத்துட்டு விட்டுடறேன்."

அப்புறம்தான் உறைத்தது. படியேறி வந்தவருக்கு மூச்சு வாங்கவில்லை. பின்னால் தெருச் சத்தமே இல்லை.

மறுபடி போன்.

"ஏய், ஒரு போல்ட்டு அடம் பிடிக்குது. நீ சாப்பிட்டுடு, காத்திருக்காதே." மூச்சு வாங்கியது. நீர் சொட்டும் ஒலி.

"எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? உள்ளதான்."

"ஐயோ, கரண்டு விடப் போறாங்க! தண்டவாளத்தை விட்டு ஏறுங்க! ஓடுங்க!"

"என்னம்மா சொல்றே, சரியா கேக்கல... இரு, யாரோ வராங்க." அவர் சிரித்தார். "அட, நீயா? அப்போ போன்ல யாரு?"

இணைப்பு அறுந்தது.

கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். எடுத்தார்கள்.

"நிறுத்துப்பா! விடாதே! அவர் உள்ள இருக்காரு!"

"நான் மேல வந்துட்டேன்" என்றது அவள் கணவனின் குரல். "வில்லையை எடுத்துடு."

ஓடினாள். படிகள். நடைமேடை. இருட்டு.

தூரத்து வளைவில் அவருடைய டார்ச். பக்கத்தில் ஒரு பெண். இவளுடைய சீருடை. இவளுடைய பின்னல். இவள் நிற்பதுபோலவே ஒரு தோள் சாய்ந்து.

"என்னங்க!"

அவர் திரும்பினார். வெளிச்சம் இவள் முகத்தில் விழுந்தது. கண்ணீர் வழிந்த, கோணிப்போன, அலறும் முகம். பிறகு பக்கத்தில் இருந்ததன் மேல் விழுந்தது. அதுவும் இவள் முகம்தான். அமைதியாக இருந்தது.

அமைதியான முகத்தையே அவர் நம்பினார்.

தண்டவாளம் முனகத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த அது அவர் கையைக் கோர்த்துக்கொண்டு, தெருவைக் கடக்கக் கூட்டிப்போவதுபோல, மின்சாரம் பாயும் தண்டவாளத்தை நோக்கி மெல்ல நடத்திக்கொண்டு போனது.