சோறு மட்டும் வேண்டாம்

முதல் சந்திப்பில் கண்ணும் கண்ணும் மோத வேண்டும் என்பார்கள். இவர்கள் விஷயத்தில் மோதியது கைகள்... அதுவும் ஒரு கச்சாங் பூத்தே பலகாரப் பொட்டலத்துக்குள்.

ஈப்போ, புந்தோங். சனிக்கிழமை காலை. வறுத்த கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் குவிந்து கிடந்த கடையில், தினேஸ்வரி தன் பொட்டலத்தைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவன் எங்கேயோ பார்த்துக்கொண்டே கையை உள்ளே விட்டான். அவள் தடுக்கக் கையை நீட்ட, இருவர் விரல்களும் உள்ளே மோதிக்கொண்டன; அதற்குள் பாதி முறுக்கு அவன் வாய்க்குள் போய்விட்டது.

"எச்சில் பண்ணிட்டீங்களே..."

அவன் திரும்பினான். மெலிந்த முகம். பல நாள் தூங்காத கண்கள். ஆனாலும் சிரித்தான்.

"சாரி லா. நான் வாங்குனதுன்னு நெனச்சேன். ஒரு துண்டுதானே, இங்க எல்லாரும் டேஸ்ட் பார்த்துத்தான் வாங்குவாங்க."

"இது தின்றதுக்கு இல்ல. படையலுக்கு."

சிரிப்பு நின்றது. "யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு. சுரேன்."

அவன் கையிலிருந்த மிச்ச முறுக்கு கீழே விழுந்தது. மழை அப்போதுதான் தூற ஆரம்பித்தது. காதல் கதைக்கு மழை வேண்டுமே, வந்துவிட்டது. ஆனால் அதை ரசிக்க அங்கே யாருக்கும் மனசில்லை.

இவள்தானா, என்று நினைத்துக்கொண்டான் ரோய்ஸ்டன். 'எங்க வீட்ல ஒரு மொளகா இருக்குடா' என்று சுரேன் சொல்லிக்கொண்டே இருப்பானே... அந்த மிளகாய் கண் நிறையத் தண்ணீரோடு எதிரில் நிற்கிறது. நான்தான் ரோய்ஸ்டன் என்று சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை. அந்தப் பெயர் அவள் வீட்டில் எப்படி உச்சரிக்கப்படுகிறது என்று அவனுக்குத் தெரியும்.

"புதுசா ஒன்னு கட்டுங்கக்கா," என்றான் கடைக்காரம்மாவிடம். பிறகு அவளிடம், "சுரேனைத் தெரியும். ஒரே கிச்சன்ல வேலை. அவன் எங்கெங்க சாப்பிடுவான்னும் தெரியும். நான் கூட்டிட்டுப் போறேன்."

தினேஸ்வரி யோசித்தாள். முன்பின் தெரியாத ஆள். ஆனால் வேறு வழி? நாளைக்குக் கருமாதி. இன்று சாயங்காலம் கமுந்திங் வீட்டில் படையல். இறந்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். அம்மா காலையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். 'மூனு வருசமா எம்புள்ள என்ன தின்னான்னே எனக்குத் தெரியலையேடி... நீ போயி கேட்டு வாங்கியா.' தினேஸ்வரிக்குத் தெரிந்ததெல்லாம் கச்சாங் பூத்தே ஒன்றுதான். தீபாவளிக்குத் தீபாவளி அண்ணன் பஸ்ஸில் கொடுத்தனுப்புவான், அப்பாவுக்குத் தெரியாமல்.

"சரிங்க அண்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். தெரியாத ஆண்களை அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிய வாய். அந்தச் சொல்லுக்கு உரியவன் இப்போது இல்லை. அவனை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமலேயே கூட நடந்தாள்.

பழைய டவுனில் கோழி ஹோர் ஃபன் கடை. வழுவழுவென்ற தட்டை மீ நூடுல்ஸும் இறால் வாசம் அடிக்கும் சூப்புமாக ஆவி பறந்தது. சனிக்கிழமைக் கூட்டம். ஒரு மேசை ஓரத்தில் இடம் பிடித்தார்கள்.

"பசியாறிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப சாப்பிடுங்க. இது ஆறிப்போனா நல்லாருக்காது."

"படையல் போடுற வரைக்கும் நான் எதையும் வாயில வைக்கக் கூடாது."

அவன் தன் முன்னால் வந்த கிண்ணத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"நீங்க சாப்பிடலாமே... நீங்க விரதமா என்ன?"

"ஒருத்தங்க பார்த்துக்கிட்டு இருக்கறப்ப எப்படி லா எறங்கும்?"

ஊரெல்லாம் தின்பதற்கென்றே ஈப்போவுக்கு வருகிறது. இங்கே கடை கடையாக ஏறி இறங்கியும் வயிற்றைக் காயப்போட்ட ஜோடி இவர்களாகத்தான் இருக்கும். அவன் வயிறு சத்தம் போட்டது. அவள் வயிறும் பதில் சொன்னது. தினேஸ்வரிக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மறுகணம் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் போய்ப் பதினாறு நாள்கூட ஆகவில்லை... சிரிக்கிறாயேடி பாவி.

"சிரிங்க," என்றான் அவன் மெதுவாக. "அவன் இருந்தா இந்நேரம் நம்ம ரெண்டு பேரையும் ஓட்டிக்கிட்டு இருப்பான்."

ஆவிக்கு அந்தப் பக்கம் அவன் கண்கள் கலங்கித் தெரிந்தன. இவன் வெறும் கூட வேலை செய்தவன் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கண்களை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. தன்மேலேயே கோபம் வந்தது.

கடைக்காரச் சீனத்தி வீட்டுக்கு எடுத்துப்போகும் தாப்பாவ் பையைக் கட்டிக்கொண்டே மலாயில் கேட்டாள். உன் கூட்டாளி எங்கே, ஆளையே காணோமே?

"பாலேக் கம்போங்," என்றான் அவன். ஊருக்குப் போயிருக்கிறான்.

தினேஸ்வரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டான்.

சோயா இனிப்பு விற்கும் தவ்ஃபூஃபா கடையிலும் அதே கேள்வி. அதே பதில். பொரித்த மீன் உருண்டை விற்கும் இடத்திலும் அப்படித்தான். ஒரே குடைக்குள் தோள் இடிக்க நடந்தார்கள். அவளுக்கு நனையாமலிருக்க அவன் குடையைச் சாய்க்கச் சாய்க்க, அவன் இடது தோள் தொப்பலாகிவிட்டது. கையில் பைகள் ஏறிக்கொண்டே போயின. ஹோர் ஃபன், மீன் உருண்டை, தவ்ஃபூஃபா, ரொட்டி... அவளுக்கு என்னமோ உறுத்தியது.

"சோறு எங்க சாப்பிடுவான்?"

அவன் குடையைக் கை மாற்றிப் பிடித்தான்.

"மீ, ரொட்டி, பலகாரம்னே காட்டுறீங்க. எங்கண்ணன் நல்லாச் சோறு திங்கிறவன். எந்தக் கடையில சாப்பிடுவான்?"

"கடைசியா காப்பிக் கடைக்குப் போலாம்," என்றான்.

காப்பிக் கடைக் கிழவர் அவனைக் கண்டதும் ஆர்டர் எடுக்காமலேயே இரண்டு கப் வெள்ளைக் காப்பியை மேசையில் வைத்தார். நல்ல மனுஷர். சத்தமாகப் பேசுகிறவர். "ரோய்ஸ்டன் ஆ, சுரேன் மானா?" என்றார். சுரேன் எங்கே?

மழை தகரக் கூரையில் கொட்டியது. தினேஸ்வரிக்கு அது கேட்கவில்லை.

"பாலேக் கம்போங், அங்கிள்."

அவர் போகும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"நீங்கதான் ரோய்ஸ்டனா?"

அவன் தலை குனிந்தான்.

அந்தப் பெயர்! அப்பா சின்னையா அதைச் சொல்லாத நாளில்லை. சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் செம்பனைக்கு மாறியதும் கமுந்திங் தொழிற்சாலைக்கு வந்து முதுகொடிந்தவர் அவர். மகனையும் கெஞ்சிக் கூத்தாடி அங்கேயே சேர்த்துவிட்டார். ஒரே மாதத்தில் அவன் வேலையை விட்டான். ஈப்போவில் ரோய்ஸ்டன் என்றொரு கூட்டாளி சமையல் வேலை வாங்கித் தருகிறான் என்றான். அப்போது சுரேன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா தட்டைப் பிடுங்கி வாசலில் வீசினார். 'என் சோத்துல இனிமே கை வைக்காத.' அவன் கை கழுவாமலே எழுந்து போனான். அதன்பிறகு அப்பா அவனுக்கு ஊட்டியது வாய்க்கரிசிதான்.

"பேரைச் சொல்லாம கூடவே வந்தீங்க... எங்கண்ணன் செத்துட்டான்னு ஒரு ஆள்கிட்டயாவது சொன்னீங்களா? ஊருக்குப் போயிருக்கானாம். நீங்க வந்து கூப்பிடாம இருந்தா அவன் எங்களோட இருந்திருப்பான். உயிரோட இருந்திருப்பான்."

"தினேஸ்..."

"அப்படிக் கூப்பிடாதீங்க."

பைகளை அள்ளிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். குடையை அவன் நீட்டினான். வாங்கவில்லை. ரோசம். அந்த வீட்டுக்கே உள்ள ரோசம்.

ரயில் நிலையத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தவள் பக்கத்தில் ஒரு கச்சாங் பூத்தே பொட்டலம் வந்து உட்கார்ந்தது. அவசரத்தில் விட்டுவிட்டு வந்தது. இரண்டு நாற்காலி தள்ளி ரோய்ஸ்டன் உட்கார்ந்தான். அவளைப் பார்க்காமல் பேசினான்.

"சோறு அவன் சாப்பிட மாட்டான்."

"என்ன?"

"மூனு வருசமும். கிச்சன்ல அண்டா அண்டாவா ஆக்குவோம். ஒரு பருக்கை தொடமாட்டான். மீ தின்பான், ரொட்டி தின்பான். கிறிஸ்மஸுக்கு எங்கம்மா பிரியாணி போட்டாங்க, இறைச்சிய மட்டும் பொறுக்கித் தின்னான். ஏன்டான்னா, எங்கப்பா கையால போட்டாத்தான் சோறுன்னான். அவனுக்கும் அவங்கப்பா ரோசம்தானே."

தினேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்தது மழையா வேறா என்று அவனும் கேட்கவில்லை.

"அன்னிக்கு மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டு எங்க போனான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பினாங்குக்கு. ஊர் சுத்த... அப்பா அப்படித்தான் சொல்றாரு."

"கமுந்திங்குக்கு. உங்க வீட்டுக்கு. நான்தான் சொன்னேன், போதும்டா, போயி அப்பா கால்ல விழுந்து ஒரு வாய்ச் சோறு தின்னுட்டு வாடான்னு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடணும்னு மழையில கிளம்பிட்டான். குவாலா கங்சார்கிட்ட லோரி..." அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். "நான் போகச் சொல்லலைன்னா இருந்திருப்பான். நீங்க சொன்னது சரிதான். காரணந்தான் வேற. ஊருக்குப் போயிருக்கான்னு கடையில சொல்றப்ப, அவன் போயிச் சேர்ந்துட்ட மாதிரி இருக்கும் எனக்கு. அதான்."

ரயில் வரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்தாள்.

"இத எங்கிட்ட சொல்லி என்னா பிரயோசனம்? எங்க அப்பாகிட்ட சொல்லுங்க."

"எழவு வீட்டுக்கு வந்தேன். வாசல்ல காலை வச்சா வெட்டிடுவேன்னாரு."

"தெரியும். உள்ள அம்மாகூட இருந்தேன், உங்க முகத்தப் பார்க்கல. சாயங்காலம் படையல்." ஏறிவிட்டாள். கதவு மூடும்போது பார்த்தாள். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

விளக்கு வைக்கும் நேரம். சுரேன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. அம்மா கேசரி வைத்தாள், வடை வைத்தாள். தினேஸ்வரி ஈப்போவிலிருந்து வந்ததையெல்லாம் பரப்பினாள். ஹோர் ஃபன் ஆறிப்போய்க் கட்டியாகக் கிடந்தது. அம்மா சோற்றுப் பானையைத் தூக்கப் போனபோது, "இரும்மா," என்றாள். நான் சொன்னால் அப்பா நம்பமாட்டார். பார்த்தவன் வாயால் கேட்க வேண்டும். வருவானா? வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வராவிட்டால் இந்த இலையும் அரைகுறைதான், அப்பாவும் அரைகுறைதான்.

மோட்டர் சத்தம் கேட்டது.

அதே சாலையில், அதே மழையில் வந்திருந்தான். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட வாசலுக்கு வெளியே நின்றான். காலை உள்ளே வைக்கவில்லை. சின்னையா எழுந்தார். சொந்தக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொள்ளத் தயாரானார்கள்.

"அப்பா," என்றான் ரோய்ஸ்டன். "அவன் பினாங்குக்குப் போகலப்பா. உங்க கையால சோறு திங்கணும்னு இங்கதான் வந்துக்கிட்டு இருந்தான். மூனு வருசமா அவன் சோறே திங்கல."

எல்லாவற்றையும் சொன்னான். நான்தான் அனுப்பினேன் என்பதையும் சொன்னான்.

சின்னையா அவனை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. திரும்பி உள்ளே நடந்தார். அம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கினார். இலையில் சோறு போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். குழம்பை ஊற்றிக் கையால் பிசைந்தார், சின்னப் பிள்ளைக்குப் பிசைவதுபோல. ஒரு உருண்டை பிடித்துப் படத்துக்கு நேரே நீட்டினார்.

"சாப்பிடுறா," என்றார். "அப்பா போடுறேன்ல... சாப்பிடுறா."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அம்மா சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். அந்த உருண்டையை வாங்கத்தான் வாயில்லை.

வெகுநேரம் கழித்து, முகத்தைத் துடைக்காமலே அவர் சொன்னார். "தினேசு. வாசல்ல நிக்கிறவனுக்கும் எலை போடு."

இலை போட்டாள். சோறும் போட்டாள். அவன் சாப்பிட முடியாமல் விழுங்கினான். எதிரில் அவளும் உட்கார்ந்து, அன்றைய முதல் வாயை எடுத்து வைத்தாள். உப்பு கரித்தது.

கை கழுவப் பின்பக்கம் வந்தபோது அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். குழாய்த் தண்ணீரை அவளுக்குத் திறந்துவிட்டான்.

"வீட்ல ஒரு மொளகா இருக்குன்னு சொல்லுவான். இவ்ளோ ஒறைக்கும்னு சொல்லல."

அவள் கை கழுவினாள்.

"காலையில உங்ககூடக் கடை கடையா வந்தது... மொதல்ல அவனுக்காகத்தான். அப்பறம் அவனுக்காக மட்டும் இல்ல. சொல்லக் கூடாத எடம், சொல்லக் கூடாத நேரம். தெரியும். சொல்லாம விட்டுட்டு ஒருத்தன் போயிட்டான், அதான் சொல்லிட்டேன்."

அவள் குழாயை மூடினாள். உள்ளே அப்பா இன்னும் படத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

"இந்த வீட்ல ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் பேசக் கூடாது," என்றாள். "திவசம் முடியட்டும், ரோய்."

முதல் தடவையாக அவனை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். அவன் அதைக் கவனித்தான்.

"அது வரைக்கும்?"

"அந்த ஹோர் ஃபன் சூடா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. கூட்டிட்டுப் போங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அந்தக் கடைக்காரம்மா கேட்டா, உண்மையைச் சொல்லணும்."

"நீ பக்கத்துல இருந்தா சொல்லிடுவேன்," என்றான்.