கமா அக்கா ஏறாத வண்டி

சனிக்கிழமை காலை ஆறரை மணி. நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே, விடிய விடியப் பெய்த மழையில் நனைந்து கிடந்தது ஒரு பெண்ணின் உடல். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பின்தலையில் அடி. பக்கத்தில் ஒரு துணிப்பை; உள்ளே நாலு புடவை.

யாரென்று தெரிய வெகுநேரம் ஆகவில்லை. அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். 'கமா அக்கா' என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். கணவர் இறந்த பிறகு மாடியில் தனியாக இருந்தார். கீழே குடியிருந்தவர் கணவரின் தம்பி. பள்ளி வேன் டிரைவர்.

பத்து மணிக்கு அவர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு, மேடம். மக வீட்டுக்குப் போறேன்னாங்க. நான்தான் வேன்ல கொண்டுபோய் ஆம்னிபஸ்ல ஏத்திவிட்டேன். ஜன்னலோரம் உக்காந்து கையாட்டினாங்க. பஸ் முக்கு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்."

"திடீர்னு என்ன பயணம்?"

"மத்தியானமே யார்கிட்டயோ போன்ல பேசிட்டிருந்தாங்க. 'அப்ப ஆம்னிபஸ் வந்துடும்ல? சரி, காத்துக்கிட்டிருக்கேன்'னு. என் காதாலயே கேட்டேன், மேடம்."

இன்ஸ்பெக்டர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கை டம்ளருக்கு அந்தப் பக்கம் போய் மேஜையைத் தொட்டு, பிறகு தடவிக்கொண்டு வந்து பிடித்தது. வாக்குமூலத்தில் கையெழுத்தும் கோட்டைத் தாண்டி எங்கேயோ விழுந்தது. துக்கத்தில் கை நடுங்காதா என்று அவள் அப்போது நினைத்துக்கொண்டாள்.

வெளியூரில் இருந்து ஓடி வந்த மகளும், "அம்மா எப்பவுமே சொல்லாமக் கொள்ளாமத்தான் வந்து நிப்பாங்க" என்று விம்மினாள். வழியில் எங்கேயோ பஸ் நின்றிருக்கும், இருட்டில் ஒதுங்கப் போய்த் தவறி விழுந்திருப்பார் என்று ஏட்டு சொன்னது பொருத்தமாகவே பட்டது.

ஆனால் பஸ் அகப்படவில்லை. ஞாயிறு மத்தியானம் ஏட்டு சலித்துப்போய் வந்தார்.

"எல்லா ஆபீஸும் ஏறி இறங்கிட்டேன் மேடம். ஒருத்தன் வண்டிங்கறான், ஒருத்தன் கோச்சுங்கறான், இன்னொருத்தன் சர்வீஸுங்கறான். எந்தப் பேரைச் சொல்லிக் கேட்டாலும் அந்தம்மா ஏறலை."

"சரி, அந்த போன் யாருக்குப் போச்சு?"

"விசாரிச்சிட்டேன். ஒரு பைண்டிங் கடைக்கு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள். "பைண்டிங்காரர்கிட்ட எதுக்குய்யா பஸ்ஸைப் பத்திக் கேக்கணும்?"

கடைக்குள் பசை நாற்றம் மூக்கைத் துளைத்தது. பைண்டிங்காரர் செய்தியைக் கேட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, செங்கல் மாதிரி தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அக்கா வீட்டுக்காரர் எழுதின கதை அத்தனையும் இதுல இருக்கு. அவர் போனப்புறம் அக்காதான் ஒவ்வொண்ணாத் தேடிப் பிடிச்சுச் சேத்தாங்க. நாங்க முழுத் தொகுப்புன்னு சொல்லுவோம். அச்சக முதலாளி திரட்டும்பாரு. பசங்களுக்கு இது குண்டு புக்கு. அக்கா மட்டும் ஆம்னிபஸ்னுதான் சொல்லுவாங்க; இங்கிலீஷ்ல இந்த மாதிரித் தொகுப்புக்கு அப்படி ஒரு பேராம். 'எங்க வீட்டுக்காரர் பெத்த ஜனத்தையெல்லாம் ஒரே வண்டியில ஏத்திட்டேன்'னு சிரிப்பாங்க."

"வெள்ளிக்கிழமை போன்ல என்ன பேசினீங்க?"

"நாளைக்குக் காலையில வீட்டுக்கே கொண்டாறேன்னு சொன்னேன். காத்துக்கிட்டிருக்கேன்னு வச்சிட்டாங்க. சனிக்கிழமை போனா வீடு பூட்டிக் கெடந்துச்சு."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தாள். கை கனத்தது. மனசும்தான்.

அன்று மாலை டிரைவர் மறுபடி அவள் எதிரே உட்கார்ந்தார்.

"உங்க அண்ணி எந்த ஊருக்கும் கிளம்பலை. புருஷனோட புத்தகம் வரப்போகுதுன்னு வீட்லயே காத்திருந்தாங்க. அதுக்குப் பேருதான் ஆம்னிபஸ். நீங்க வண்டி ஓட்டுறவர், உங்க காதுல அது பஸ்ஸாத்தான் விழுந்துச்சு. பயணம் போறதா அவங்க யார்கிட்டயும் சொல்லலை. அந்தப் பயணம் உங்க வாயில மட்டும்தான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் அவர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை எடுத்து முன்னால் வைத்தாள்.

"இன்னொண்ணு. கைக்கெட்டுற டம்ளர் உங்களுக்குத் தெரியலை. மங்கின வெளிச்சத்துல, முக்கு திரும்புற பஸ்ஸுல கையாட்டினவங்க மட்டும் எப்படித் தெரிஞ்சாங்க?"

அவர் தலை மெல்லத் தொங்கியது.

"நடுவுல ஒரே கறுப்பா இருக்கு, மேடம். ஓரத்துல மட்டும்தான் தெரியும். பழகின ரோடுதானேன்னு சமாளிச்சிட்டிருந்தேன். அண்ணி கண்டுபிடிச்சிட்டாங்க. 'பச்சப் பிள்ளைங்களை வச்சு ஓட்டுறியே, பாவி, இப்பவே ஸ்கூலுக்குப் போன் பண்றேன்'னு மாடியேறினாங்க. பண்ணாதீங்க அண்ணின்னு கையப் புடிச்சு இழுத்தேன்... படியில உருண்டுட்டாங்க."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே?"

"மூச்சு நின்னு போச்சு. என்ன பண்றதுன்னே தெரியலை. இருட்டட்டும்னு இருந்து, புடவைய அள்ளிப் பையில திணிச்சுக்கிட்டு..."

"அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு, அந்த மழையில ஓட்டினீங்களா?"

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஏட்டு வந்து தோளைத் தொட்டதும் எழுந்தார். வாசல்படியில் கால் இடறியது. ஏட்டு தாங்கிப் பிடித்தார்.

"மேடம்" என்று திரும்பினார். அவர் பார்வை அவளுக்குச் சற்றுத் தள்ளிச் சுவரில் நின்றது. "நாளைக்குக் காலையில பிள்ளைங்க ரோட்டோரம் வந்து நிக்குமே."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து, பள்ளிக்கூடத்துக்குச் சொன்னாள்.